சிவப்பு டப்பா

பகாவ், ஐந்தாம் கட்டை. என் பட்டறை.
செம்பனைக் குலை ஏற்றிய லோரி
மிதித்த கிளச் மேலே வராமல் நின்றுவிட்டது.

சிலிண்டரைப் பிரித்தேன்.
போன மாதம் நான் மாட்டிய ரப்பர் சீல்
ஊறிய கொண்டைக்கடலையாய் உப்பிக் கிடந்தது.
பேரிங் கிரீஸ்.
தடவியது இந்த விரல்தான்.

"யாரும்மா செஞ்ச வேலை?"
மரியப்பன் எட்டிப் பார்த்தார்.

எண்ணெய் ரப்பரைத் தின்னும்.
இந்த ஊர்க்காரிக்கா தெரியாது?
சாலையின் இருபுறமும்
பால்மரம் நின்ற நிலமெல்லாம் செம்பனை.

இந்த முறை சிவப்பு டப்பா.
ஆமணக்கெண்ணெயில் செய்தது,
ரப்பரோடு பகை இல்லாதது.
பச்சைப்பயறு அளவு,
சீலின் உதட்டோரம் மட்டும்.

பெடல் இறங்கியது. ஏறியது.
கூலி வாங்கவில்லை.
ஏனென்று அவர் கேட்கவில்லை.
முதலில் கேட்டதற்கே
நான் இன்னும் பதில் சொல்லவில்லை.