போக்குவரத்து குறைவு

திங்கள்கிழமை காலை பஞ்சிங் வைத்ததும்
முதல் வேலை இது:
போன வாரம் எத்தனை பேர்
எங்கள் நூலகத்தின் இணைய வாசலை மிதித்தார்கள் என்று
எண்ணி எடுப்பது.

பதினோராயிரத்துச் சொச்சம்.
அதில் பாதிக்கு மேல்
நாலு நொடியில் திரும்பிவிட்டது.
தண்ணிகூடக் குடிக்காமல் போகிற ஒரம்பரை.
எங்கே குறை வைத்தோம் என்று
ரெண்டு வாரம் மனசு அடித்துக்கொண்டது.
பிறகுதான் ஜமீலா தோண்டிக் காட்டினாள்,
அவர்களைக் கூட்டிவந்த சொற்களை:
நூல் விலை இன்று.
நூல் நாப்பதாம் நம்பர் திருப்பூர்.
நூல் கிலோ என்ன ரேட்.

சிரித்துத் தீரவில்லை.
இந்தப் பெருந்துறை ரோட்டில்
நூலகம் என்று பேர் வைத்துக்கொண்டு
வேறென்னத்தை எதிர்பார்ப்பது?
அவர்களைக் கணக்கில் கழித்தோம்.

மிச்சப் பேர் எங்கே தொடுகிறார்கள் என்று
ஒரு படம் உண்டு.
விரல் பட்ட இடம் சிவக்கும், படாத இடம் நீலம்.
முகப்பில் முக்கால் பக்கம்
பட்டமளிப்பு விழா,
துணைவேந்தர், ஆளுயர மாலை, குத்துவிளக்கு.
நூறடிக் கிணற்று நீலம்.
மாதத்தில் மூன்றே தொடுகை.
மூன்றும் நான்தான்,
வேலை செய்கிறதா என்று பார்த்தது.

கீழே "இதர" என்ற சொல்லுக்குள்,
அதற்குள் "பதிவிறக்கம்", அதற்கும் உள்ளே
பழைய வினாத்தாள்.
மிளகாய் காயப்போட்ட களம்போல் அந்த ஒரு மூலை.

தேடி எதுவும் கிடைக்காத சொற்கள்
தனிப் பட்டியலாக வரும்.
டீயை ஆறவிட்டு நான் படிப்பது அதைத்தான்.
கொஸ்டீன் பேப்பர். கொஸ்ட்டின் பேப்பர்.
லைப்ரரி எத்தன மணிக்கு சாத்துவாங்க.
ஹால்டிக்கெட் தொலஞ்சுபோச்சு.
ஒருவர் வெறுமனே
ஏனுங்க
என்று தட்டியிருந்தார்.
முடிவுகள்: பூஜ்ஜியம்.

படத்தை எடுத்தோம். வினாத்தாளை மேலே ஏற்றினோம்.
எப்படித் தப்பாக எழுதினாலும் பிடித்துக்கொள்ளும்படி
ஏழு எழுத்துப்பிழைகளுக்கு இடம் கொடுத்தாள் ஜமீலா.
ஏனுங்க என்று தட்டினால்
இப்போது எங்கள் தொலைபேசி எண் வரும்.

அடுத்த மாதக் குழுக்கூட்டத்தில்
பேராசிரியர் சென்னியப்பன் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.
"முன்னெல்லாம் ஒரு ஆள் ஆறு நிமிசம் இருந்தானுங்க.
இப்ப நாப்பது நொடி. இறங்கிப்போச்சே?"
அந்த ஆறு நிமிசம் படித்ததல்ல சார்,
வழி தெரியாமல் சுத்துனது என்றேன்.
கோடு கீழே போனால் நட்டம் என்றே
பழகிய கண் அவருக்கு.
மினிட்ஸில் "விவாதிக்கப்பட்டது" என்று மட்டும் ஏறியது.

இத்தனை குட்டை வரிகளுக்கு நடுவே
ஒரு நெட்டை வரி.
இரவு இரண்டு பத்துக்கு ஒரு கைப்பேசி.
வாரத்தில் ஐந்து இரவு, நாற்பத்தெட்டு ஐம்பது நிமிடம்.
திறப்பது ஒரே ஆய்வேடு.
தொண்ணூற்றெட்டில் யாரோ சமர்ப்பித்து
யாரும் கேட்காமல் கிடந்து
கோணலாக ஸ்கேன் செய்யப்பட்டது:
விசைத்தறிக் கூடங்களில் செவித்திறன் இழப்பு.

ஊர் பல்லடம் என்று காட்டுகிறது.
அது டவர் இருக்கும் ஊர். ஆள்
சோமனூரில் இருக்கலாம், காரணம்பேட்டையில் இருக்கலாம்.
பாவு பிணைக்கிற இடைவேளையோ,
தூக்கம் பிடிக்காத மாணவியோ.
முகவரியின் கடைசி எண்களை
அழித்து வைக்கச் சொன்னதே நான்தான்.
இப்போது எட்டிப் பார்க்க ஆசைப்பட்டு என்ன?

நேற்று கம்ப்யூட்டர் சென்டரிலிருந்து கடிதம்:
சர்வர் பராமரிப்பு,
தினமும் இரவு இரண்டு முதல் மூன்று வரை.
நாலுக்கு மாற்றச் சொல்லித் திருப்பி எழுதினேன்.
காரணம் என்ற கட்டத்தில்:
நாலு மணிக்குப் போக்குவரத்து குறைவு.

பொய்யில்லை.
ஒன்று குறைவு.