பொருந்தவில்லை

மிஷின் நாலு தரம் சொல்லியாயிற்று:
பொருந்தவில்லை.

சுஜிதா துப்பட்டா நுனியால்
கண்ணாடியைத் துடைத்தாள், என் விரலைத் துடைத்தாள்,
"அக்கா, அடுத்த விரல்" என்றாள்.
ஆள்காட்டி. நடு. மோதிரம்.
பத்துக்கும் பதில் ஒன்றுதான்.
பின்னால் நின்ற ஒருத்தி
"அண்டி ஆபீஸ்காரிக்கு ஏது ரேகை" என்றாள்.
கேலியில்லை. அவள் விரலும் கறுப்புதான்.

பத்தொன்பது வருசம்.
வறுத்த அண்டியைக் கல்மேல் வைத்து
கொட்டுவடியால் ஒரே தட்டு,
பருப்பு முழுசாய் விழவேண்டும்,
உடைந்தால் கூலியில் உடையும்.
சாம்பல் பூசிக்கொண்டு உட்கார்ந்தாலும்
தோட்டின் எண்ணெய் வழி கண்டுபிடிக்கும்.
முதலில் நகக்கண், பிறகு தோல்,
பிறகு எனக்கென்று இருந்த அந்தக் கோடுகள்.
எப்போது போயின என்று நான் பார்க்கவில்லை.
யாருக்கும் என் விரல் தேவைப்படாத காலம் அது.

இப்போது தேவைப்படுகிறது.
மாதம் ஆயிரம், என் பெயருக்கு:
ரெத்தினபாய், க/பெ தாசையன்,
மேல்புறத்துக்கு மேற்கே
மழை பெய்தால் ஆட்டோ வராத வீடு.

பதினைந்தாம் தேதி போன் ஒரு தடவை முனகும்.
ஜெனிஷா வாசிப்பாள். வந்துவிட்டது.
வெளியேதான் வரமாட்டேன் என்கிறது.
மார்த்தாண்டம் போய்ச் சீட்டெழுதி எடுக்கலாம்;
ஒரு பகல் நின்ற பிறகு
கையெழுத்து போன தடவை போலில்லை என்பார்கள்.

இந்த வருசம் எடவப்பாதி விடவேயில்லை.
மரத்தில் பால் இருக்கிறது, வெட்ட ஆள் இருக்கிறது,
சிரட்டையில் மழைதான் நிறைகிறது.
தாசையன் கத்தியைத் தீட்டித் தீட்டி வைத்தார்.
ஒன்பதாம் நாள், என் முகத்தைப் பார்க்காமல்,
"உன் கையில இருக்கா?" என்றார்.
கல்யாணமான நாளிலிருந்து நான் கேட்ட கேள்வி.
எந்தக் குரலில் கேட்பேனோ அந்தக் குரல்கூட
அவருக்கும் வந்திருந்தது.
"கணக்கில இருக்கு" என்றேன்.
"கையில இல்ல."

மறுநாள் மேஸ்திரியிடம் சொன்னேன்,
அஞ்சு நாள் வரமாட்டேன்.
காய்ச்சலா? இல்லை. சாவா? இல்லை.
விரல் வளரணும்.
அவர் சிரித்ததில் வெற்றிலை தெறித்தது.

முதல் நாள் கை
என்ன செய்வதென்று தெரியாமல் மடியில் கிடந்தது.
தேங்காயெண்ணெய், மஞ்சள், மறுபடி தேங்காயெண்ணெய்.
குட்டன் கடைப் பற்றில் எழுதி வாங்கிய புளியில்
சாளைக் குழம்பு வைத்து
மரச்சீனியைக் கையால் பிசைந்து தின்றேன்.
தோட்டின் காரல் இல்லாத மரச்சீனி.
உப்பு கம்மி.
பத்தொன்பது வருசமாய்க் கம்மிதானோ என்னவோ.

மூன்றாம் நாள் வெங்காயச் சருகாய்த் தோல் உரிந்தது.
நாலாம் நாள் ஜெனிஷா,
ஏழாம் வகுப்பிலிருந்து தானே பின்னிக்கொள்ளும் பிள்ளை,
சீப்பை என் பக்கமாய் வைத்துவிட்டு
முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.
நாறுகிறது என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை.
ரெட்டைப் பின்னல். ஒன்று கோணல்.

ஆறாம் நாள் மிஷின் யோசித்தது.
யோசித்தது.
சுஜிதாதான் முதலில் கத்தினாள்.
இரண்டு ஐந்நூறு.

ஒன்றை அவரிடம் கொடுத்தேன்.
ஒற்றைத் தாளை எத்தனை தடவை எண்ண முடியும்?
எண்ணினார்.

ராத்திரி ஜெனிஷா கணக்குப் போட்டாள்:
நாளுக்கு நூற்றெண்பது, அஞ்சு நாளைக்குத் தொள்ளாயிரம்.
"அம்மா, ஆயிரத்தில நூறுதான் மிச்சம்."
கணக்கு சரிதான் மக்களே, என்றேன்.
வேறென்ன சொல்ல.

எல்லோரும் படுத்தபின்
பல்புக்குக் கீழே கட்டைவிரலைப் பிடித்தேன்.
மெல்லிசாய், ஒரு சுழி.
அது இடப்பக்கம் சுழல்வது
இத்தனை வயசில் எனக்குத் தெரியாது.
கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

காலை எட்டு மணிக்கு அண்டி ஆபீஸ்.
சாம்பல் எடுத்துக் கட்டி வைக்கவேண்டும்.