நகரத்துக்கு முதல் தடவையா?

குழாய் வெடித்தது செவ்வாய் இரவு.
மைனஸ் இருபத்தாறு.
மேல்வீட்டுத் தண்ணீர் என் கட்டிலில் இறங்கி
விடிவதற்குள் விறைத்துக் கண்ணாடியாகிவிட்டது.
காப்பீட்டுக்காரன் போனில் சொன்னான்:
பக்கத்திலேயே எங்கள் ஒப்பந்த ஹோட்டல்,
நான்கு இரவு, காலைச் சிற்றுண்டியோடு.

பக்கத்தில்தான். நாலே தெரு.
சிகாகோவில் இருபத்தேழு வருடமாக
அந்த வாசலைத் தாண்டித்தான் பஸ் ஓட்டுகிறேன்.
அதன் சுழல்கதவு துப்பிய ஆட்களை
சக்கரப் பெட்டியோடு ஏற்றியிருக்கிறேன்,
சில்லறை இல்லையென்று கைவிரிப்பவர்களை,
ஏரி எந்தப் பக்கமென்று ஏரியைப் பார்த்தபடி கேட்பவர்களை.
உள்ளே போனதில்லை.

வரவேற்பில் ஒரு பெண். சட்டையில் நூர்சாத்,
அதன் கீழே பொடி எழுத்தில் பிஷ்கேக்.
பணம் ஏற்கெனவே வந்துவிட்டதால்
அடையாள அட்டையில் பெயரோடு நிறுத்திக்கொண்டாள்.
"நகரத்துக்கு முதல் தடவையா?"
என் காலுறை நனைந்திருந்தது.
குழாய், காப்பீடு, மேல்வீட்டுக்காரன்,
எல்லாம் முதலிலிருந்து சொல்ல வாய் வரவில்லை.
ஆமாம் என்றேன்.

அந்த முகம் மலர்ந்ததைப் பார்க்கவேண்டும்.
வரைபடத்தை விரித்தாள் மேசைமேல்,
பச்சைப் பேனாவால் வட்டம் போட்டாள்:
அருங்காட்சியகம். பாலம். நல்ல பான்கேக்.
இந்த நிறுத்தத்தில் பஸ் ஏறினால் ஏரிக்கரை,
ஓட்டுநர்கள் கொஞ்சம் சிடுசிடுப்பார்கள்,
கண்டுகொள்ளாதீர்கள்.
சரி என்றேன்.
அப்புறம் குரலைத் தாழ்த்தி
ஒரு தெருவின்மேல் பெருக்கல் குறி.
இங்கே மட்டும் இருட்டிய பிறகு வேண்டாம்.

என் தெரு.

பதினாலாவது மாடி. பதின்மூன்று என்று ஒன்று அங்கே இல்லை,
ஆகவே பதின்மூன்றில்தான் படுத்தேன்.
தொலைக்காட்சி சொன்னது: வருக, திரு. லொரேட்டோ ஸ்விக்.
ஒரு எழுத்தில் ஆணாக்கிவிட்டது, போகட்டும்.
தலையணை ஆறு, தலை ஒன்று.
ஜன்னல் திறக்காது.
தாழ்வாரத்து ஐஸ் இயந்திரம் இரவெல்லாம்
பல்லைக் கொட்டிப் பொறுக்கிக்கொண்டிருந்தது.
காலையில் வாஃபிள் இயந்திரம் கூவும்,
அது தன் மாவென்று யாரும் ஒப்புக்கொள்வதில்லை.
ஒமாஹாவிலிருந்து வந்த தம்பதி
துண்டு மெலிசு என்று என்னிடம் முறையிட்டார்கள்,
நான் ஹோட்டல்காரி போல வருத்தம் தெரிவித்தேன்.
ஆனால் வெந்நீர், அதைச் சொல்லியாகவேண்டும்:
அது பிடரியில் விழுந்தபோதுதான் தெரிந்தது
வீட்டுக்குப் போன பிறகும்
ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே இருந்திருக்கிறேன்.

ஜன்னலில் என் வீடு தெரிந்தது.
நாலாவது மாடி, இடமிருந்து மூன்று.
உள்ளே ஈரம் உறிஞ்சும் விசிறியின் சிவப்புப் புள்ளி.
இவ்வளவு சின்னதா?

மூன்றாம் இரவு, வரைபடத்தோடு இறங்கி
பெருக்கல் குறிக்கு நடந்தேன்.
பயமாகத்தான் இருந்தது, வெட்கமில்லாமல் சொல்கிறேன்.
மூடிய சலவைக்கடை ஒரு மூடிய சலவைக்கடை போலவே நின்றது.
எதிரே ஒரு ஆள், நாயோடு:
பதினோரு வருடமாய் நான் பார்க்கிற பழுப்புத் தொப்பி.
அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, வரைபடத்தைப் பார்த்தார்.
"வழி தவறிவிட்டீர்களா?"
நேரே நாலு தெரு, சுழல்கதவு வரும் என்று சொல்லி
முனைவரை கூடவே வந்தார்.
நாயின் பெயர் கேட்டேன். பிஸ்டனாம்.
அவர் பெயரைக் கேட்க மறந்துபோனது.

கணக்கு முடிக்கையில் நூர்சாத் கேட்டாள்:
எங்கள் ஊர் பிடித்ததா?
எங்கள் என்றாள். வந்து எட்டு மாதமாம்.
பிடித்தது என்றேன், அது பொய்யில்லை.

திங்கள் விடியல், ஐந்து பத்து.
அந்த நிறுத்தத்தில் இரவு வேலை முடிந்து ஏறினாள்,
அட்டையைத் தட்டினாள், நிமிரவில்லை.
காலை வணக்கம் என்றேன், சிடுசிடுக்காமல்.
கண்ணாடியில் பார்த்தேன்:
மூன்றாம் வரிசையில் ஷூவைக் கழற்றி
ஒரு காலை இன்னொரு காலால்
தேய்த்துக்கொண்டிருந்தாள்.
சூட்டை ஒரு புள்ளி கூட்டினேன்.