செவ்வாய்க்கிழமை நாற்காலி

நிபோங் திபாலைத் தாண்டி
செம்பனை முடிந்து தென்னை தொடங்கும் வளைவில்
கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது.
வரிசையாக நிற்கும் மோட்டார்சைக்கிள்கள்தான் விலாசம்.

கூரை தகரம். தரை மண்.
சுவர் இருந்தால் அல்லவா கதவு வைப்பதற்கு?
'கடன் இல்லை' என்று நான் எழுதிய கரும்பலகையின் கீழே
அவரவர் கடனை அவரவரே எழுதிவைக்கிறார்கள்.
இதுவரை யாரும் குறைத்து எழுதியதில்லை.
ஒருமுறை ஆ லெக் மட்டும் கூட்டி எழுதிவிட்டு
மறுநாள் வந்து என்னோடு சண்டை போட்டான்,
சுத்தமான தோட்டத்துத் தமிழில்.

பதினொரு மணிக் கள் இனிக்கும்.
மூன்று மணிக் கள் கொஞ்சம் வழக்குப் பேசும்.
ஐந்துக்கு மேல் அது சொல்வதையெல்லாம்
நான் காதில் போட்டுக்கொள்வதில்லை.

அன்று செவ்வாய்.
தகரத்தில் முதல் துளிகள் எண்ணி விழும் நேரம்
சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண் வந்தாள்.
முழங்கால்வரை சேறு. மூக்கு வெயிலில் உரிந்திருந்தது.
பெஞ்சில் எல்லாரும் நகர்ந்தார்கள்.
நகர இடமில்லாதவர்கள் காலையாவது மடக்கினார்கள்.
அவளோ நேராகப் போய்த் தூணோரம்
நீல நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

கடை ஒரு மூச்சு நின்றது.

அது சன்னாசியுடையது.
ஒரு கை உடைந்து கம்பியால் கட்டியது.
அதில் நாய்கூட ஏறாது.
வீரப்பிள்ளை குவளையைப் பாதியில் நிறுத்தி என்னைப் பார்த்தான்.
நான் அவளைப் பார்த்தேன்.
காலுறையைக் கழற்றிப் பிழிந்துகொண்டிருந்தாள்.
பிழிகிறவளை எழுப்ப
என்னிடம் எந்த மொழியிலும் சொல் இல்லை.

"எந்த ஊரு?"
"ஸ்லோவேனியா."
"சிலோனா?"
"நோ, நோ. ஸ்லோவேனியா."
"பக்கத்துலதான் இருக்கும்" என்று முடித்துவைத்து
வீரப்பிள்ளை நெத்திலித் தட்டைத் தள்ளினான்.

முதல் மிடறில் முகம் சுளித்தாள்.
இரண்டாவதில் யோசித்தாள்.
மூன்றாவதற்குள் ஆ லெக்
காட்டுப்பன்றி வறுவலில் மிளகாய் எது, கறி எது என்று
நடித்தே காட்டிவிட்டான்.
செத்துப்போவதுபோலவும் ஒருமுறை நடித்தான்.
மழை எல்லாவற்றுக்கும் மேளம் அடித்தது.

இவ்வளவு மரியாதையைப் பார்த்து
சன்னாசி இறந்துவிட்டான் என்று நினைத்தீர்களா?
செவ்வாயில் அவன் வரத் தாமதமாகும், அவ்வளவுதான்.
நான்கு மணி நேரம் இயந்திரம் அவன் ரத்தத்தைக் கழுவும்.
பிறகு மருமகன் காரில் வந்து இறங்குவான்,
முழங்கையில் பஞ்சு, சட்டையில் மருந்து வாசனை.
கள்ளுக்கு மூன்று வருடமாகத் தடை.
தண்ணீருக்கே அளவு.
வாசனைக்கு டாக்டர் எதுவும் சொல்லவில்லையாம்.

வந்தான். குடையை மடக்கினான்.
நாற்காலியைப் பார்த்தான்,
பிறகு அதில் இருந்தவளை.
எங்கள் முகங்களிலிருந்து அவளுக்கு எல்லாம் புரிந்து
பாதி எழுந்தாள்.
அவன் உள்ளங்கையால் காற்றை அழுத்தினான்.
"உக்காரும்மா."

பீர்ப் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு
எதிரில் உட்கார்ந்தான்.
கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.
பிறகு கோபத்தோடு கேட்டான்:
"இங்கேருந்து பாத்தா வளைவு முழுக்கத் தெரியுது.
எவன் வர்றான்னு முன்னாடியே தெரியுது.
இத்தனை வருசத்துல ஒருத்தனும் எங்கிட்டச் சொல்லலியேடா!"

சிரிப்பு அடங்க நேரமானது.
ஏன் சிரித்தோம் என்று தெரியாமல்
அவள்தான் அதிகம் சிரித்தாள்.

சன்னாசிக்கு வழக்கமானதைக் கொடுத்தேன்:
பெரிய குவளை, அதற்குள் ஒரே ஒரு ஐஸ்கட்டி.
அவள் தன் குவளையை உயர்த்தினாள்.
அவனும் உயர்த்தினான்.
ஐஸ் பக்கத்தில் மோதிக் கிணுங்கியது.
வாயில் போட்டு, கரையக் கரைய
ஒரு மணி நேரம் வைத்திருந்தான்.

மழை விட்டதும் காசு கொடுத்தாள்.
கொடுத்த பிறகும் பலகையிடம் போய்
எல்லாரும் செய்கிறார்களே என்று
சுண்ணக்கட்டியால் தன் பெயரை எழுதினாள்.
தொகை எழுதவில்லை.
அழிக்க யாருக்கும் மனம் வரவில்லை.
எங்களுக்கு எவ்வளவு பாக்கி என்றும் தெரியவில்லை.

அடுத்த செவ்வாயும் சன்னாசி
பெட்டியைத்தான் கவிழ்த்தான், வளைவைப் பார்த்தபடி.
"சிவப்பு மோட்டார். மணியக்காரன் வரான். நெத்திலிய ஒளிச்சு வையி."

நீல நாற்காலியில்
நாய் படுத்திருந்தது.