காரணம் என்ற கட்டம்

ஈரி நகரத்து மார்லீன் கோஷாக்
படைவீரர் மருத்துவமனையின் படுக்கை விரிப்புகளைப்
பதினான்கு ஆண்டுகள் துவைத்தவள்.
ஒப்பந்தம் கைநழுவியதும்
முதலில் தணிக்கை அலுவலகத்தின் கதவைத் தட்டினாள்.
பதினோரு பக்கம் பதில் வந்தது.
கடைசி வரி: முறையீடு தள்ளுபடி.

இப்போது வாஷிங்டனில்,
எங்கள் நீதிமன்றத்தின் மூன்றாம் வரிசையில்,
விரல்களில் குளோரின் வெடிப்புகளோடு.

அரசு வழக்கறிஞர் அக்டர்பெர்க் எழுந்தார்.
"ஒருமுறை எடை போட்டாயிற்று, கனம் நீதிபதி அவர்களே.
கொள்முதல் தெரிந்தவர்கள் போட்ட எடை."
நீதிபதி விட்கோம் கண்ணாடியைத் துடைத்தபடி சொன்னார்:
"படித்தேன். மரியாதையோடு படித்தேன்.
மரியாதை வேறு, மண்டியிடுவது வேறு."

லாரி ஆறு மணி நேரம் தாமதம்.
இரண்டு வருடம் முன்பு இதே அதிகாரிகள் அதைச்
சிறு குறை என்றார்கள்.
இப்போது பெருங்குறை.
"அந்த டெண்டர் வேறு, இந்த டெண்டர் வேறு,
ஒவ்வொன்றும் தன் காலில் நிற்கும்."
சட்டமும் ஏறக்குறைய அப்படித்தான் சொல்கிறது.
நேற்றைய பேனா இன்றைய தாளைக் கட்டாது.
ஆனால் கை அதே கை.

நான் நீதிபதியின் உதவியாளன்.
ஆறாயிரத்து நானூறு பக்கம் வாசிப்பது என் பிழைப்பு:
சோப்பு வகை, கொதிநீரின் சூடு, லாரிச் சக்கரத்தின் அளவு.
நள்ளிரவு தாண்டி, நூடுல்ஸ் ஆறிப்போன நேரத்தில்
நாலாயிரத்து நூற்றுப் பதினெட்டாம் பக்கம்.
"சிறு" என்பதை அடித்து "பெரு" என்று எழுதிய கை
பக்கத்தில் இருந்த கட்டத்தைத் தொடவே இல்லை.
கட்டத்தின் பெயர்: காரணம்.
உள்ளே
துவைத்து உலர்த்திய விரிப்பின் வெள்ளை.

தணிக்கை அலுவலகமும் இதைக் கடந்துதான் போயிருக்கிறது,
ஏழாம் அடிக்குறிப்பில்
ஓர் "இருப்பினும்" மேல் கால்வைத்து.

அன்றிரவே வரைவு எழுதினேன்:
"தணிக்கை அலுவலகத்தின் முடிவை இம்மன்றம் ஏற்கவில்லை."
கம்பீரமான வரி என்று நினைத்தேன்.
காலையில் திரும்பி வந்தது.
வரியைச் சுற்றிப் பென்சில் வட்டம்.
ஓரத்தில் ஒரே சொல்:
ஏன்?

காது சூடாகிவிட்டது.
மறுபடி உட்கார்ந்தேன்.
அவளுடைய மூன்று புகார்களில் இரண்டை
அவர்கள் தள்ளியது சரிதான். அதை எழுதினேன்.
மூன்றாவதில் தரை இல்லாத இடத்தில் நடந்தார்கள்.
அது எந்த இடம் என்று எழுதினேன்.
அந்த ஒரு வரிக்கு நான்கு பத்தி ஆயிற்று,
கம்பீரம் போயிற்று.

தீர்ப்பு மார்லீனுக்கு ஒப்பந்தம் தரவில்லை.
யார் நன்றாகத் துவைப்பார் என்பது எங்களுக்குத் தெரியாது,
தெரிந்ததுபோல் நடிக்கவும் கூடாது.
கட்டத்தை நிரப்பு, இல்லையேல் மதிப்பெண்ணை மாற்று.
அவ்வளவே.

தாழ்வாரத்தில் தன் வக்கீலிடம் கேட்டாள்:
"அவர்கள் நல்லதாக ஒரு காரணம் எழுதிவிட்டால்?"
"தோற்போம். எதனால் என்று தெரிந்து தோற்போம்."
"அதற்கும் ஃபீஸ் உண்டா?"
அவர் சிரித்தாரா இருமினாரா தெரியவில்லை.
லிஃப்ட் கதவு மூடிக்கொண்டது.