ரிவர்ஸ் இருந்த இடம்

மூன்று கியர் போதும் என்று
அறுபத்தெட்டில் யாரோ முடிவு செய்திருக்கிறார்கள்.
பணகுடிக்கு அந்தப் பக்கம், ஆடிக்காற்றில்,
எண்பது ஏத்தன் தார் ஏற்றிப் போகிறவளிடம்
யாரும் கேட்கவில்லை.

மூன்றாவதில் மூச்சு முட்டும்.
இரண்டாவதுக்கு இறக்கினால் ஊரைக் கூட்டும்.
நடுவில் ஒன்று இருந்தால் என்ன என்று
காற்றாலைகளிடம்தான் சொல்லிக்கொண்டு போவேன்.
அவற்றுக்கு ஒரே கியர். புரியாது.

பேட்டை செய்யதலி கடையில்
அச்சு முறிந்த டிராக்டருக்கு அடியில்
கிடந்தது ஐந்து கியர்ப் பெட்டி.
நாங்குநேரி விலக்கில் கவிழ்ந்த பொலிரோவுடையதாம்.
“பெட்டிக்கு ஒண்ணும் ஆவலம்மா.”
ஓட்டியவனுக்கு என்று நான் கேட்கவில்லை.
பேரம் பாதியில் இருந்தது.

ஏர்வாடிப் பட்டறையில் ஞானதிரவியம்
பழசையும் புதுசையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.
“ஒரு ஓட்டைகூடச் சேரலியே” என்றார்,
சந்தோஷமாக.
லேத்தில் அரை அங்குலத் தகடு கடைந்தார்கள்,
இந்தப் பக்கம் இஞ்சினுக்கு, அந்தப் பக்கம் பெட்டிக்கு.
கிளட்ச் தட்டுக்குப் பல் எண்ணிக்கை வேறு.
ஜாயிண்ட் ஷாஃப்டில் ஐந்து விரக்கடை வெட்டி ஒட்டினார்கள்.
சேஸிஸ் குறுக்குச்சட்டம் பின்னால் நகர்ந்தது.
எட்டு நாள் என்றது இருபத்து மூன்று நாள்.
அதுவரை தார்களை வாடகை வண்டியில் அனுப்பி
லாபத்துக்குக் கையசைத்துக்கொண்டு நின்றேன்.

பழைய கம்பு இருந்த ஓட்டையை
எண்ணெய் டின்னை வெட்டி அடைத்தார்.
என் இடது காலடியில் இப்போது
பாதிச் சூரியகாந்தி.

களக்காட்டு மண்டியில் முதல் நாள்.
மேடையோடு ஒட்டிப் பின்னால் எடுக்க வேண்டும்.
பதினோரு வருஷத்துக் கை, என்னைக் கேட்காமல்,
இடது மேல்மூலைக்குப் போயிற்று.
அங்கே இப்போது ஒன்றாவது.
பின்னால் திரும்பிப் பார்த்தபடி
முன்னால் பாய்ந்தேன்.
உமையொருபாகம் டீக்கடை பெஞ்சு
ரெண்டு பெஞ்சானது.
நல்லவேளை, யாரும் உட்கார்ந்திருக்கவில்லை.
“ஏளா ஜெபசீலி,
பாக்கது ஒரு பக்கம், போறது ஒரு பக்கமா?”
மண்டியே சிரித்தது. பெஞ்சுக்கு எழுநூறு.

அன்றைக்கே டேஷ்போர்டில்
மகளின் நெயில் பாலிஷால் வரைந்து வைத்தேன்,
எது எங்கே என்று.
கை அதைப் படிப்பதில்லை.

இரண்டாவதுக்குத் தள்ளும்போது மட்டும்
பெட்டிக்குள் ஒரு முரண்டு, ஒரு நறநறப்பு.
அவசரக்காரன் போலிருக்கிறது, அவன்.
கிளட்சை முழுசாக மிதிக்காமல்
வருஷக்கணக்காக அங்கேயே இடித்திருக்கிறான்.
ஒன்று எண்ணிவிட்டுப் போட்டால் வழிவிடுகிறது.
ஒவ்வொரு தடவையும் எண்ணுகிறேன்.
செய்யதலியிடம் கேட்டிருக்கலாம்.

பணகுடியில் காற்று வந்து மோதியது.
மூன்றாவது போட்டேன். இழுத்தது. கத்தவில்லை.
இஞ்சின் அடங்கியதும் வேறொன்று கேட்டது:
இடது கதவு கிலுகிலுக்கிறது.
எத்தனை நாளாகவோ.

ஐந்தாவது, நாகர்கோவிலில் சுமை இறக்கித்
திரும்பும்போதுதான்.
காற்று முதுகில். ரோடு காலி.
ஸ்பீடாமீட்டர் வயர் இந்தப் பெட்டியில் சேரவில்லை;
முள் பூஜ்யத்தில் படுத்திருக்கிறது.
அதன் கணக்கில் நான்
இன்னும் மண்டியை விட்டே கிளம்பவில்லை.