பஞ்சுப் பொதி

நவம்பர் மூன்றாம் கிழமை
அலுவலகத்திலிருந்து வந்த உறைக்குள்
இருபத்திரண்டு தாள்கள்:
பனிமனிதன், கையுறைச் சோடி, கணப்படுப்பு,
ஆறு முனைப் பனித்துகள் வெட்டும் விதம்.
மேலே கிளிப்பில் ஒரு துண்டு:
"வகுப்பு நான்கு. குளிர்காலச் சுவர்.
வெள்ளிக்குள் முடிக்கவும்."

வெள்ளவத்தையில் அன்றைக்கு
முப்பத்தொரு பாகை.
மழை வரப்போகிற புழுக்கத்தில்
பிறிஸ்டல் போட் தானாகவே சுருண்டது.

காலி வீதிப் பாமசியில்
கால் கிலோப் பஞ்சு கேட்டேன்.
"ஆருக்கு மிஸ் காயம்?" என்றான் பெடியன்.
சுவருக்கு, என்றேன்.

பிய்த்துப் பிய்த்து ஒட்டினோம்.
கரையோர ரயில் போகும்போதெல்லாம்
ஜன்னல் நடுங்கிக் கொஞ்சம் பனி உதிர்ந்தது.
பனிமனிதனின் வயிறு மட்டும்
கோந்து பிடிக்காமல் தொங்க,
நாலு குண்டூசியால் குத்தி நிறுத்தினேன்.

"பனி எண்டா விடிய
புல்லில கிடக்கிறதுதானே மிஸ்?
அதை எப்பிடி உருட்டுறது?"
ஜெரோஷனுக்கு என்ன சொல்வது?
ஒரே சொல்தான் வைத்திருக்கிறோம்,
நுவரெலியாப் புல்லுக்கும்
இலண்டன் கூரைக்கும்.
பலகையில் எழுதினேன்:
கார், கூதிர், முன்பனி, பின்பனி.
இளவேனிலுக்குப் போகுமுன்
மணி அடித்துவிட்டது.

பதினெட்டாம் தாள் வியாழக்கிழமை:
"இந்தப் பருவத்தில் உன் வீட்டில்
நினைவுகூரும் நாளொன்றைப் பற்றி
மூன்று வரி எழுதுக."
கீழே படத்துக்கு ஒரு பெட்டி,
அதன் மூலையில்
எங்கள் ஊரில் காய்க்காத
சிவப்புப் பழக் கொத்து.

அஞ்சலீனா நத்தார் மரத்தையும்
அதன்கீழ் தூங்கும் பூனையையும் வரைந்தாள்.
வினோஜன், திருவெம்பாவைக்கு
நாலரைக்கு எழுப்பும் அம்மாவின் கையை.
கையை மட்டும்.
சஹ்ரா எழுதியிருந்தாள்:
எங்கட மாசம் பிறையோட நடக்கும்,
குளிருக்கெண்டு நிக்காது.

ஹரிஷாந்த் எழுதினான்:
"பெரியப்பா கோட்டையில ரயில் ஏறினவர்.
நத்தாருக்கு அடுத்த நாள். நான் அப்ப பிறக்கேல்ல.
அந்த நாளில ஒம்பது இருபத்தஞ்சுக்குப்
பெரியம்மா ரீவியை நிப்பாட்டுவா."
மூன்று வரிக்கு மேல் போய்விட்டது.
படத்தில் கடல் இல்லை,
ரயில் இல்லை.
ஒரு ரிமோட், பொத்தான்கள் எண்ணி எண்ணி.

துரிஷாவின் பெட்டிக்குள் ஒரு விளக்கு.
திகதிக்கான கோடு வெறுமை.
"விளக்கீடா?"
"இல்லை மிஸ். அது வேற."
"வேற எண்டா?"
அவள் கதவைப் பார்த்தாள்.
"ஆரும் கேட்டா சாமி விளக்கு எண்டு
சொல்லச் சொன்னவ அம்மா."
சாமி விளக்கு என்று எழுதினேன்,
என் கையெழுத்தில்,
பேனையை மாற்றாமல்.

வெள்ளி, பிரதி அதிபர் வந்தார்.
நல்லா இருக்கு, நல்லா இருக்கு என்றவர்
விளக்கிடம் நின்றார்.
"இது குளிர்காலமா?"
"குளிர் நாடுகளில
வேளைக்கே இருட்டிவிடும், சேர்" என்றேன்.
பொய்யில்லை.
போனில் படம் எடுத்துக்கொண்டு போனார்.

பாடசாலை விட்ட பிறகு
சீலாவதி அக்கா கூட்ட வந்தார்.
மேசையில் மிஞ்சிய பஞ்சைக் காட்டிப்
போயாவுக்குத் திரி உருட்டக் கேட்டார்.
பொதியோடு கொடுத்தேன்.
தொடையில் வைத்து ஒன்று
உருட்டியும் காட்டினார்.
"அப்பிடி இல்லை அக்கா,
உள்ளங்கையில."
வான் வராமல்
கதவோரம் நின்ற துரிஷா சொன்னாள்.
திரிகளை எண்ணியபடி அக்கா போனார்.

"மிஸ், பஞ்சு இன்னும் இருக்கா?"
"இனிச் சுவரிலதான்."

சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் போனேன்.
தண்டவாளத்துக்கு அப்பால்
கடலில் மழை இறங்கிக்கொண்டிருந்தது.
தேவையைவிடக் கூடுதல் நேரம் பார்த்தேன்.
கீழே வான் ஹோர்ன் அடித்தது,
படியில் சப்பாத்துச் சத்தம்.

திரும்பியபோது
பனிமனிதனின் வயிறு இருந்த இடத்தில்
நாலு குண்டூசி.